கட்டட ஒப்பந்தத் தொழிலில் புதிய தொழில்நுட்பம்: எங்கிருந்து தொடங்குவது?



மருதமுனையிலிருந்து அக்கரைப்பற்று வரையான எமது கரையோர ஊர்களில் வயல், கடல், நெசவு, கடை வியாபாரம் ஆகியவற்றுக்கு அடுத்தபடியாகப் பல குடும்பங்களுக்குச் சோறு போடுவது கட்டடத் தொழிலாகும். மேசன்மார், ஓடாவிமார், கம்பி கட்டுபவர்கள், டிப்பர் வைத்திருப்பவர்கள், சீமெந்துக் கல் அரிபவர்கள், என்னைப் போல சீமெந்தும் கம்பியும் விற்பவர்கள் என்று எத்தனையோ பேர் ஓர் ஒப்பந்தகாரரின் கையைப் பார்த்திருக்கிறோம். அவர் நன்றாக இருந்தால் பத்துக் கடைகள் நன்றாக இருக்கும். அவர் விழுந்தால் கூடவே யார் யார் விழுவார்கள் என்பதை 2022ஆம் ஆண்டில் நாம் எல்லோரும் கண்டுகொண்டோம்.

ஆகவே இவ்வாரம் கட்டட நிறுவனங்களின் நிர்வாகம் பற்றியும், இப்போது எல்லோரும் பேசுகின்ற புதிய தொழில்நுட்பம் பற்றியும் எழுதலாம் என்று எண்ணுகிறேன். நான் பொறியியலாளன் அல்லன். ஆனால் ஓர் ஒப்பந்தகாரரின் நாடித் துடிப்பு அவரது வங்கி முகாமையாளருக்குத் தெரிவதற்கு முன்னரே சீமெந்துக் கடைக்காரனுக்குத் தெரிந்துவிடும். காசுக்கு வாங்கியவர் கடனுக்கு வாங்கத் தொடங்குவார். பிறகு செக்கில் ஒரு மாதம் தள்ளித் திகதி போடுவார். பிறகு வேறு கடைக்குப் போவார். முப்பது வருடங்களாகக் கவுண்டருக்குப் பின்னால் நின்று பார்த்ததை வைத்துத்தான் எழுதுகிறேன்.

எமது ஒப்பந்தகாரர்களில் பெரும்பாலானோர் மேசன்களாக இருந்து மேலே வந்தவர்கள். 2004 டிசம்பர் 26ஆம் திகதி சுனாமி வந்து இலங்கையிலேயே அதிக உயிர்களை அம்பாறை மாவட்டத்தில் கொண்டுபோன பின்னர், கரையோரம் முழுவதையும் திரும்பக் கட்ட வேண்டியிருந்தது. கிழக்கில் கடலிலிருந்து 200 மீற்றருக்குள் கட்டக்கூடாது என்று முதலில் அறிவித்தார்கள். பின்னர் அது தளர்த்தப்பட்டது. முற்றாக அழிந்த வீட்டுக்கு இரண்டரை இலட்சம் ரூபா உதவி கட்டங்கட்டமாக வழங்கப்பட்டது. தொண்டு நிறுவனங்கள் வந்தன, வேலை குவிந்தது, மேசன் கூலி ஏறியது. சாந்துக் கரண்டி பிடித்தவர்கள் இரண்டு மூன்று வருடங்களில் பத்து இருபது பேரை வைத்து வேலை வாங்குபவர்களாக மாறினார்கள். அல்ஹம்துலில்லாஹ், உழைப்பால் வந்த உயர்வு அது. அதைக் குறைத்துச் சொல்ல நான் வரவில்லை.

ஆனால் அந்த வேலைகளில் ஒரு வசதி இருந்தது. அத்திவாரம் முடிந்ததா, சுவர் எழும்பியதா, கூரை போட்டாயிற்றா என்று ரி.ஓ. வந்து பார்த்துப் பதிந்த பிறகுதான் அடுத்த கட்டப் பணம் கிடைக்கும். கணக்கை அவர்களே வைத்தார்கள். எமது ஆட்கள் கட்டினார்கள், பணம் பெற்றார்கள். அந்தக் காலம் முடிந்து பாடசாலைக் கட்டடம், வடிகான், கலாசார மண்டபம், மாடி வீடு என்று சொந்தமாக ஒப்பந்தம் எடுக்கத் தொடங்கியபோது, கணக்கு வைக்க ஆளில்லை. எல்லாம் முதலாளியின் தலைக்குள் இருந்தது. எந்தத் தளத்துக்கு எத்தனை பை போயிற்று, யாருக்கு எத்தனை நாள் கூலி, எந்த பில் எந்த மேசையில் கிடக்கிறது என்பதெல்லாம் ஒரு மனிதனின் ஞாபகத்தில். ஒரு தளம் நடக்கும்வரை ஞாபகம் போதும். மூன்றாவது தளம் தொடங்கியதும் போதாது.

2022இல் நடந்ததைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். 2021ஆம் ஆண்டின் நடுப்பகுதியில் 50 கிலோ சீமெந்துப் பை ஆயிரம் ரூபாவளவில் விற்றது. அடுத்த வருடம் அதே காலத்தில் மூவாயிரத்தை எட்டியது. 2022 மார்ச்சில் ரூபாயை மிதக்க விட்டதும் 200 ரூபாவளவில் இருந்த டொலர் இரண்டு மாதங்களில் 360 ஆயிற்று. ஏப்ரலில் மத்திய வங்கி வட்டியை ஒரேயடியாக 7 சதவீதப் புள்ளிகள் உயர்த்தியது. வருட இறுதியில் வங்கிகளின் மிகச்சிறந்த வாடிக்கையாளருக்கே வட்டி 25 வீதத்துக்கு மேல். டீசலுக்கு டிப்பர்கள் நாட்கணக்கில் வரிசையில் நின்றன. பழைய விலையில் கேள்விப்பத்திரம் போட்டு வேலை எடுத்தவர், புதிய விலையில் பொருள் வாங்கிக் கட்ட வேண்டியிருந்தது.

இந்நிலைமைக்கு அரசாங்க ஒப்பந்தங்களில் ஒரு பரிகாரம் ஏற்கெனவே இருக்கிறது. பொதுவாக மூன்று மாதத்துக்கு மேற்பட்ட ஒப்பந்தங்களில் விலை ஏற்ற இறக்கச் சூத்திரம் சேர்க்கப்படும். நாம் இன்னும் இக்டாட் என்று பழைய பெயரால் அழைக்கின்ற நிறுவனம், 2014ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ் நிர்மாணக் கைத்தொழில் அபிவிருத்தி அதிகாரசபையாக மாறியது. சீமெந்து, கம்பி, மரம், கூலி முதலியவற்றுக்கு மாதாந்தம் விலைச் சுட்டெண் வெளியிடுவது அவர்களே. எந்த மாதத்தில் எவ்வளவு வேலை செய்தீர்களோ, அந்த வேலைக்கு அந்த மாதச் சுட்டெண்ணை வைத்து மேலதிகக் கொடுப்பனவைக் கணக்கிடலாம். கவனியுங்கள், "எந்த மாதத்தில் எவ்வளவு வேலை" என்பதுதான் அதன் அச்சாணி.

எனக்குத் தெரிந்த ஓர் ஒப்பந்தகாரர், பெயர் வேண்டாம், ஒரே காலத்தில் மூன்று தளங்களை நடத்தினார். பாடசாலைக் கட்டடம் ஒன்று, வடிகான் ஒன்று, தனியார் வீடொன்று. வீட்டுக்காரர் தந்த முற்பணத்தில் பாடசாலைக்குக் கம்பி வாங்கினார். பாடசாலை பில் வந்ததும் வடிகான் கூலியைக் கொடுத்தார். விலையேறியபோது எந்தத் தளத்தில் நட்டம், எதில் இலாபம் என்று அவருக்கே சொல்ல முடியவில்லை. மூன்று மாத வேலையைச் சேர்த்து ஒரே பில்லாகப் போட்டிருந்தார். வேலை தாமதமானதற்கு டீசல் இல்லாததுதான் காரணம் என்பது ஊருக்கே தெரியும். ஆனால் அதைக் குறிப்பிட்டுக் காலநீடிப்புக் கேட்ட கடிதம் ஒன்றுகூட அவரிடம் இல்லை. எனது கடையில் வைத்து, "எழுதித் திரிய எனக்கு எங்க காக்கா நேரம்? வேலையைப் பார்ப்பதா, கடிதம் எழுதுவதா?" என்று கேட்டார். அந்த வருடம் முடியும்போது அவர் டிப்பரையும் கலவை இயந்திரத்தையும் விற்றிருந்தார். வளவொன்றும் போயிற்று. எனக்கும் இன்னும் இரண்டு கடைகளுக்கும் பாதிக்குமேல் நிலுவை நிற்கிறது. பதினெட்டுப் பேருக்கு இரண்டு கிழமைக் கூலி கொடுபடவில்லை. அதுதான் என் மனதை அதிகம் வருத்துவது. கடைக்காரன் கடனைத் தாங்குவான். நாட்கூலிக்காரன் எதை வைத்துத் தாங்குவான்?

அதே காலத்தில் அவரைவிடச் சிறிய ஒருவர் தப்பினார். அவரிடம் கணினி கிடையாது. தளத்துக்கு ஒரு சீ.ஆர். கொப்பி வைத்திருந்தார். வந்த பை, போன பை, ஆட்கள், அன்று கட்டிய நீளம், மழை, டீசல் இல்லாத நாள் எல்லாம் அதில் இருந்தது. உயர்தரத்தில் வர்த்தகம் படித்த அவரது மகள் இரவில் அதைப் பார்த்து மாதக் கடைசியில் கூட்டி வைப்பாள். பில்லை மாதாமாதம் கொடுத்தார். பணம் தாமதமாகத்தான் வந்தது, ஆனால் விலையேற்றக் கணக்குடன் வந்தது. பெரிய ஒப்பந்தங்களில் பயன்படும் பிடிக் நிபந்தனைகளின் 1999ஆம் ஆண்டுப் பதிப்பில், கோரிக்கைக்கான காரணம் ஏற்பட்டு 28 நாட்களுக்குள் அறிவிக்காவிட்டால் உரிமையே போய்விடும் என்று இருக்கிறது. உங்கள் ஒப்பந்தத்தில் எத்தனை நாள் என்று இன்றே புரட்டிப் பாருங்கள். கையெழுத்திட்ட நாளுக்குப் பிறகு அந்தப் புத்தகத்தைத் திறக்காதவர்கள் எம்மில் அதிகம்.

அல்பகரா அத்தியாயத்தின் 282ஆவது வசனம் திருமறையின் மிக நீண்ட வசனம். அது கடன் கொடுக்கல் வாங்கலை எழுதி வைப்பது பற்றியதென்பது உங்களுக்குத் தெரியும். வெள்ளிக்கிழமை பயானில் அதைக் கேட்டுவிட்டு, சனிக்கிழமை காலையில் "கொப்பியில் போடத் தேவையில்லை, பிறகு பார்ப்போம்" என்று 40 பை ஏற்றிக்கொண்டு போகின்றவர்களையும் பார்த்திருக்கிறேன்.

தொழில்நுட்பம் முதலில் கேட்பது

இப்போது தொழில்நுட்பத்துக்கு வருவோம். லேசர் மட்டம், ரெடிமிக்ஸ், கணக்கு மென்பொருள், கைத்தொலைபேசிச் செயலி என்று விற்பதற்குப் பலர் வருகிறார்கள். எதையும் வேண்டாமென்று சொல்ல மாட்டேன். ஆனால் எல்லாத் தொழில்நுட்பமும் முதலில் கேட்பது ஒன்றைத்தான். அளவைக் கேட்கிறது. அதுவும் நாம் வழக்கமாகச் சொல்லும் நேரத்துக்கு முன்னதாகவே கேட்கிறது.

கம்பியை எடுங்கள். 2.3 மீற்றர் துண்டுகள் தேவையென்று வைப்போம். 6 மீற்றர் கம்பியில் இரண்டு துண்டு வெட்டினால் 1.4 மீற்றர் மிஞ்சும். கிட்டத்தட்ட நாலில் ஒரு பங்கு கழிவு. 12 மீற்றர் கம்பியில் ஐந்து துண்டு வெட்டலாம், மிஞ்சுவது அரை மீற்றர் மட்டும். இந்தக் கணக்கைச் செய்ய மென்பொருளும் உண்டு, கைத்தொலைபேசியின் கல்குலேட்டரும் போதும். ஆனால் 2.3 என்ற இலக்கம் கம்பி வாங்க வருவதற்கு முன்னரே தெரிந்திருக்க வேண்டும். எனது கடைக்கு வருபவர்களில் அதிகமானோர் "அரைத் தொன் ஏத்துங்க" என்றுதான் சொல்வார்கள். (கம்பி வாங்கும்போது நிறையையும் பாருங்கள். மில்லிமீற்றரில் உள்ள விட்டத்தை அதனாலேயே பெருக்கி 162ஆல் வகுத்தால் ஒரு மீற்றரின் கிலோ நிறை வரும். 10 மில்லிமீற்றர் கம்பி 6 மீற்றர் நீளமென்றால் ஏறத்தாழ 3.7 கிலோ இருக்க வேண்டும். கடைக்காரனே இதைச் சொல்கிறானே என்று யோசிக்க வேண்டாம்.)

சிலாப் போடுவதையும் பார்ப்போம். 1,000 சதுர அடி, 5 அங்குலத் தடிப்பு. அது 417 கன அடி, அதாவது 4 கியூப்புக்குச் சற்று மேல். ஒன்றுக்கு இரண்டுக்கு நாலு என்ற கலவையில் ஒரு கியூப் கொங்கிரீட்டுக்கு ஏறத்தாழ 18 பை சீமெந்து போகும். ஆக 75 பை. பலகை அடித்ததில் மட்டம் பிசகி, சராசரியாக அரை அங்குலம் கூடினால் 82 பைக்கு மேல் போகும். ஏழரைப் பை வீண். பை 2,000 ரூபா என்று வைத்தாலும் சீமெந்தில் மட்டும் 15,000 ரூபா. மணலும் சல்லியும் கூலியும் வேறு. இதைப் பிடிக்க லேசர் மட்டம் நல்ல கருவிதான். ஆனால் எமது வாப்பாமார் காலத்திலிருந்து வரும் தண்ணீர்க் குழாயும் காற்றுக் குமிழி இல்லாமல் பிடித்தால் பொய் சொல்லாது. கருவி எதுவானாலும், கொங்கிரீட் போடுவதற்கு முன்னர் ஒருவர் பத்து இடத்தில் அளந்து எழுதினாரா என்பதுதான் காரியம். போட்டு முடிந்த பிறகு 82 பை போனதைக் கண்டுபிடிப்பதாலும் பயனுண்டு, ஆனால் அதற்கும் பை எண்ணிய கொப்பி வேண்டும்.

எமது நாட்டிலேயே உருவான ஒரு முறையும் உண்டு. ஜா-எலவுக்கு அருகே எக்கலவில் உள்ள தேசிய பொறியியல் ஆராய்ச்சி அபிவிருத்தி நிலையம், நேர்ட் என்பார்கள், முன்தகைப்பு கொங்கிரீட் வளைகளை வரிசையாக வைத்து மேலே மெல்லிய கொங்கிரீட் இடும் சிலாப் முறையொன்றை உருவாக்கியது. பலகையும் முட்டுக் கம்பும் குறையும், செலவும் குறையும். ஆனால் அந்த வளைகளை முன்கூட்டியே நீளம் சொல்லி எடுப்பிக்க வேண்டும். "அறையை இன்னும் ஓரடி தள்ளிப் போடுங்க தம்பி" என்று வீட்டுக்காரம்மா பாதி வேலையில் சொன்னால் அந்த முறையில் இடமில்லை. எங்கள் ஊர்களில் வீட்டுக்காரர் மாற்றுவார், ஒப்பந்தகாரர் தலையாட்டுவார், மாற்றத்துக்கான விலையை யாரும் எழுத மாட்டார்கள். கடைசியில் சண்டை பள்ளிவாசல் நிர்வாகத்துக்கு முன் வரும்.

ரெடிமிக்ஸும் அப்படியே. லொறி வந்து நின்றால் எமது வெயிலில் காத்திருக்காது. கம்பி கட்டி முடிந்து, மின் குழாய் வைத்து முடிந்து, ரி.ஓ. பார்த்து முடிந்திருக்க வேண்டும். அந்த லொறி எமது ஒழுங்கைக்குள் வருமா என்பதையும் முதல்நாளே போய்ப் பார்த்திருக்க வேண்டும்.

மலிவான ஒரு விடயத்தையும் விட்டுவிடக் கூடாது. நாம் இருப்பது கடற்கரை. உப்புக் காற்று கொங்கிரீட்டுக்குள் நுழைந்து கம்பியைத் தின்னும். கம்பிக்கும் பலகைக்கும் இடையே வைக்கும் சீமெந்துக் கட்டை, கொங்கிரீட்டை இறுக்கும் வைப்ரேட்டர், கழுவாத கடல் மணலைத் தொடாமை, ஏழு நாளாவது தண்ணீர் விடுதல் ஆகிய நான்கும் எந்த மென்பொருளையும் விட எமது ஊருக்கு முக்கியமானவை. கட்டி இருபது வருடம்கூட ஆகாத வீடுகளில் சிலாப்பின் அடியில் துரு வழிந்து கொங்கிரீட் உதிர்வதைப் பார்க்கிறோம்.

கட்டாரிலிருந்து வந்த மருமகன்

புதிய முறைகளைப் புகுத்தும்போது வரும் மனித இடர்பாடு வேறு. கட்டாரில் உலகக் கிண்ணத்துக்கான வேலைகளும் துபாய் வேலைகளும் எமது இளைஞர்கள் பலரை நல்ல கியூ.எஸ்.களாக ஆக்கின. அவர்களில் ஒருவர் ஊர் திரும்பி மாமனாரின் ஒப்பந்தத் தொழிலில் சேர்ந்தார். வந்த முதல் மாதமே எக்செல் தாள், தினசரி அறிக்கைப் படிவம், வட்ஸ்அப் குழு எல்லாம் தொடங்கினார். இருபது வருடம் வேலை செய்த தலைமை மேசனிடம் ஆங்கிலப் படிவத்தைக் கொடுத்து நிரப்பச் சொன்னார். மேசன் வாங்கி மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். மறுநாளும் அப்படியே. மூன்றாவது கிழமை, "என்னைக் கள்ளன் என்றா நினைக்கிறீங்க?" என்று கேட்டுவிட்டு வேறு ஒப்பந்தகாரரிடம் போய்விட்டார். அவரோடு நாலு பேரும் போனார்கள்.

மாமனாருக்குக் கோபம். மருமகனுக்கும் கோபம். இரண்டு பேரும் தனித்தனியே எனது கடைக்கு வந்து முறையிட்டார்கள். எனக்கு இரண்டு பேர் பக்கமும் நியாயம் தெரிந்தது. மேசனுக்குக் கணக்குப் பிடிக்காமல் இல்லை. அவருக்கு எழுத்து ஓட்டம் குறைவு, அதைச் சின்னப் பிள்ளைகள் முன்னால் காட்டிக்கொள்ள விருப்பமில்லை. அவ்வளவுதான். பிறகு அந்த மருமகன் நல்ல வழியொன்றைக் கண்டுபிடித்தார். அடுத்த தலைமை மேசனிடம் படிவம் கொடுக்கவில்லை. "காக்கா, அஸருக்குப் பிறகு எனக்கு ஒரு வொய்ஸ் போட்டு விடுங்க. இன்றைக்கு எத்தனை பேர், எத்தனை பை, என்ன வேலை முடிந்தது, நாளைக்கு என்ன வேணும். இதை மட்டும் சொன்னால் போதும்" என்றார். பேசுவதற்கு யாருக்குத்தான் கஷ்டம்? வீட்டில் அவரது மனைவி அதைக் கேட்டுத் தாளில் ஏற்றுகிறார். அன்றைய வேலையின் படம் இரண்டும் திகதியோடு சேர்கிறது. மாதம் முடிய எல்லாவற்றையும் கணினியில் தனியாகப் பிரதியெடுத்து வைக்கிறார்கள், ஏனென்றால் கைத்தொலைபேசி கிணற்றிலும் விழும். இதற்கு ஆன செலவு ஒன்றுமில்லை. நான் பார்த்த தொழில்நுட்பங்களுள் எமது ஊருக்கு மிகப் பொருத்தமானது இதுதான்.

ஒன்றைச் சொல்ல வேண்டும். இதற்குப் பிறகும் மாமனார் செக் புத்தகத்தை மருமகனிடம் கொடுக்கவில்லை. எந்தத் தளத்தில் நட்டம் என்று தாள் காட்டினாலும், தெரிந்த மனிதரின் வேலை என்று அதே விலையில் இன்னொன்றை எடுக்கிறார். தகவல் ஒருவரிடமும் தீர்மானம் இன்னொருவரிடமும் இருக்கும் குடும்ப நிறுவனங்கள் எம்மிடையே நிறைய. இதற்கு மென்பொருள் இல்லை. குடும்பம் உட்கார்ந்து பேச வேண்டும்.

பணமும் இயந்திரமும் நிறைய இருந்தவர்கள்

இது எமது ஊர்ச் சில்லறை ஒப்பந்தகாரரின் பிரச்சினை மட்டும் என்று எண்ண வேண்டாம். உலகப் பொருளாதாரம் முழுவதிலும் உழைப்பின் விளைதிறன் இருபது வருடங்களில் ஆண்டுக்கு 2.8 வீதம் வளர்ந்தபோது கட்டடத் தொழிலில் அது ஒரு வீதம்தான் வளர்ந்தது என்று 2017இல் மெக்கின்சி நிறுவனம் கணித்தது. மற்றத் தொழில்கள் ஓடும்போது எமது தொழில் உலகெங்கும் நடந்துதான் போகிறது.

கோழிக்கோட்டைச் சேர்ந்த பைசல் கொட்டிக்கொல்லோன் என்பவர் ஐக்கிய அரபு இராச்சியத்தில் வார்ப்புத் தொழிலில் முன்னேறியவர். அவர் தமிழ்நாட்டின் கிருஷ்ணகிரியில் கெப் இன்ஃப்ரா என்ற பெயரில் கட்டடத் தொழிற்சாலையொன்றை அமைத்தார். சுவரும் சிலாப்பும் அங்கே வார்க்கப்பட்டு லொறியில் போய்த் தளத்தில் பொருத்தப்படும். பெங்களூரில் 2017 ஆகஸ்டில் தொடங்கிய இந்திரா உணவகங்களின் கட்டடங்கள் அப்படி வந்தவையே. ஒரே அளவு, ஒரே வரைபடம், பல இடங்கள் என்பதால் அந்த வேலைக்கு அந்த முறை கச்சிதமாகப் பொருந்தியது.

2018இல் அந்த நிறுவனம் கலிபோர்னியாவின் கற்றெரா என்ற நிறுவனத்துடன் இணைந்தது. கற்றெரா 2015இல் தொடங்கப்பட்டது. கட்டடத் தொழிலையே கணினியாலும் தொழிற்சாலையாலும் மாற்றப் போவதாகச் சொல்லி, ஜப்பானின் சொப்ட்பேங்கிடமிருந்து மட்டும் ஏறத்தாழ 200 கோடி டொலர் முதலீடு பெற்றது. வரைதல், மரம், ஜன்னல், மின் இணைப்பு, கட்டுதல் என்று எல்லாவற்றையும் ஒரே கூரைக்குள் ஒரே நேரத்தில் கொண்டுவர முயன்றது. ஊருக்கு ஊர் நிறுவனங்களை வாங்கியது. வேலைகள் பிந்தின, செலவு மதிப்பீட்டைத் தாண்டியது. கடன் தந்த கிரீன்சில் நிறுவனம் 2021 மார்ச்சில் விழுந்தது. அதே ஆண்டு ஜூனில் கற்றெராவும் வங்குரோத்துப் பாதுகாப்புக் கோரியது. ஆறு வருடம்தான்.

தொழிற்சாலை முறை தவறு என்று இதற்குப் பொருள் கொள்ளக் கூடாது. கிருஷ்ணகிரியில் வேலை ஓடியதற்குக் காரணம் ஒரே மாதிரியான கட்டடங்கள். ஒவ்வொரு வேலையும் வேறு வேறாக, ஒவ்வொன்றின் உண்மையான செலவும் பிந்தித் தெரிந்தால், இருநூறு கோடி டொலரும் எமது சகோதரரின் டிப்பர் போனது போலத்தான் போகும்.

பிரித்தானியாவின் கரிலியன் நிறுவனம் பழைய நிறுவனம், 43,000 ஊழியர். 2018 ஜனவரி 15இல் அது விழுந்தபோது கிட்டத்தட்ட 700 கோடி பவுண் பொறுப்புகள் இருந்தன, கையில் காசு 2 கோடி 90 இலட்சம் பவுண் மாத்திரமே. சிறிய வழங்குநர்களுக்கு 120 நாள் தவணை சொல்லி வைத்திருந்தார்கள். சுமார் 30,000 வழங்குநர்களுக்கும் உப ஒப்பந்தகாரர்களுக்கும் பணம் நின்றுவிட்டது. என்னைப் போல கம்பி, சீமெந்து விற்றவர்கள்தாம் அவர்களும். ஆகவே கடைக்காரச் சகோதரர்களே, பெரிய பெயர் என்பதற்காகத் தவணையை நீட்டிக்கொண்டு போகாதீர்கள். கடனை ஒப்பந்தகாரரின் பெயரில் மொத்தமாக எழுதாமல் தளம் தளமாக எழுதுங்கள். எந்தத் தளத்தின் பில் எப்போது வரும் என்று கேட்டு அதற்குத் தவணை கொடுங்கள். நான் அப்படித்தான் கொடுக்கிறேன். சிலர் கோபித்து வேறு கடைக்குப் போனார்கள். சிலர் என்னால் தளக் கணக்கு வைக்கப் பழகினார்கள்.

எந்த வரிசையில்?

வாங்குவதற்குப் பணம் ஒதுக்கியிருப்பவருக்கு என் யோசனை இது. தளத்துக்கு ஒரு கொப்பியோ வொய்ஸ் செய்தியோ மூன்று மாதம் தவறாமல் நடக்கட்டும். பிறகு தளத்துக்குத் தளம் பிரித்து ஒரு வங்கிக் கணக்கு, அல்லது குறைந்தது ஒரு தனித் தாள். அதன் பிறகு எக்செல். அதுவும் போதாமல் போகும் நாளில் மென்பொருள் வாங்கலாம். ஒலுவில் தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தில் பொறியியல் பீடமே இருக்கிறது. அங்கு படிக்கும் எமது பிள்ளைகளைக் கூப்பிட்டு ஒரு எக்செல் தாள் செய்து தரக் கேட்டால் தருவார்கள், விமானத்தில் யாரும் வர வேண்டியதில்லை.

கணக்கு இல்லாமல் இனிமேல் ஒதுங்கியிருக்கவும் முடியாது. 2024 ஜனவரியில் வற் 18 வீதமானதோடு, பதிவுக்கான ஆண்டு விற்பனை எல்லை 8 கோடியிலிருந்து 6 கோடியாகக் குறைக்கப்பட்டது. ஒப்பந்தகாரரின் இலாபம் சிறிதென்றாலும், பொருளும் கூலியும் சேர்ந்த மொத்தத் தொகைதான் அவரது விற்பனை. மூன்று நடுத்தர வேலை எடுத்தாலே அந்தப் பக்கம் போய்விடலாம். நிர்மாண அதிகாரசபையில் தரம் உயர்வதற்கும் செய்த வேலைகளின் ஆதாரமும் நிதி நிலையும் கேட்கப்படுகின்றன. ஞாபகத்தை யாரும் ஆதாரமாக ஏற்பதில்லை.

கடைசியாக, கைத்தொலைபேசியின் நாட்காட்டிக்கு ஒரு வேலை. அரசாங்க ஒப்பந்தங்களில் ஒவ்வொரு பில்லிலும் 10 வீதம் பிடித்து, மொத்தப் பெறுமதியின் 5 வீதம் சேரும்வரை தடுத்து வைப்பது வழக்கம். 80 இலட்சம் ரூபா வேலையென்றால் அது 4 இலட்சம். வேலை முடிந்து ஒப்படைத்ததும் பாதி கிடைக்கும். மறு பாதி குறைபாடு திருத்தும் காலம், பெரும்பாலும் ஒரு வருடம், முடிந்த பிறகு. அந்த ஒரு வருடத்துக்குள் ரி.ஓ. மாற்றலாகிப் போயிருப்பார், கோப்பு அலுமாரிக்குள் போயிருக்கும், எமது ஆளும் மறந்திருப்பார். ஒப்படைக்கும் அன்றே தொலைபேசியில் அடுத்த வருடத் திகதியைக் குறித்து, அதற்கு ஒரு மாதம் முன்னால் இன்னொரு நினைவூட்டலையும் வையுங்கள். அந்த ஒரு மாதத்தில் கட்டடத்தைப் போய்ச் சுற்றிப் பார்த்து, கழன்ற ஓட்டையும் வெடித்த பூச்சையும் திருத்திவிட்டு, ஒப்படைத்த சான்றிதழின் பிரதியோடு கடிதத்தைக் கொடுங்கள். கடிதம் கிடைத்ததாக முத்திரை குத்தி ஒரு பிரதியை வாங்கிக்கொண்டு வாருங்கள்.